மயிலாப்பூர் மேடையும் கரிசல் வாக்கும்

தமிழ்நாட்டின் அரசியல் வரலாற்றை எழுதுவோர் கட்சிகளையும் தலைவர்களையும் எடைபோட்ட அளவுக்கு, அவர்களைப் பற்றி வாரந்தோறும் தீர்ப்பெழுதிக்கொண்டிருந்த அரசியல் விமர்சகர்களை எடைபோட்டதில்லை. அரசியல் விமர்சகர் என்பவர் கட்சிப் பொறுப்பு எதையும் ஏற்காமல், வாக்குக் கேட்டு எந்தத் தெருவிலும் நிற்காமல், கட்சிகளின் போக்கைத் தம் சொல்லால் அசைக்க முயல்பவர். எழுத்து அவருடைய தொழிலாக இருப்பினும், அந்தத் தொழிலின் மூலதனம் யார் அவருக்குச் செவிகொடுக்கிறார்கள் என்பதில்தான் அடங்கியிருக்கிறது. அத்தகைய விமர்சகர் பழமைவாதியாகவும் இருந்துவிட்டால், அதாவது மரபாக வந்த சமயம், குடும்பம், சட்டம் ஒழுங்கு, வலுவான மத்திய அரசு ஆகியவற்றைக் காப்பாற்றப்பட வேண்டியவையாகக் கருதி, சமூகத்தை வேரோடு புரட்டிப்போட நினைக்கும் இயக்கங்களை ஐயத்தோடு பார்ப்பவராக இருந்துவிட்டால், 1967-க்குப் பிந்தைய தமிழ்நாட்டில் அவர் காற்றுக்கு எதிராகத் தூற்றுகிறவராகத்தான் இருக்க முடியும். அப்படி ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தூற்றியவர் ‘துக்ளக்’ இதழின் நிறுவன ஆசிரியர் சோ ராமசாமி.

சோவைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் மயிலாப்பூரிலோ போயஸ் தோட்டத்திலோ தொடங்கி அங்கேயே முடிந்துவிடுவது வழக்கம். இக்கட்டுரை அவரை விருதுநகர் மாவட்டத்தின் திருச்சுழி வட்டாரத்திலுள்ள எம்.ரெட்டியபட்டியின் பக்கமிருந்து பார்க்க முற்படுகிறது. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் சுற்றிலும் விரிந்துகிடக்கும் இந்த மானாவாரிப் பூமியில் மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் மிளகாயும் விதைக்கப்படுகின்றன. கண்மாய் நிறைந்த ஆண்டுகளைவிட வறண்ட ஆண்டுகளே நினைவில் நிற்கின்றன. விளைச்சல் பொய்த்தால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பதும், அருப்புக்கோட்டையின் தறிகளை நாடிப்போவதும் பழகிப்போனவை. சோ போற்றிய காமராசரை ஈன்றதும், சோ நட்புப் பாராட்டிக்கொண்டே கண்டித்த எம்.ஜி.ஆரை முதலமைச்சர் நாற்காலிக்கு அனுப்பியதும், சோ வாழ்நாள் முழுதும் எதிர்த்த திராவிட முன்னேற்றக் கழகத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் இந்தச் சுற்றுவட்டாரமே என்பதால், அவருடைய செல்வாக்கு எதுவரை எட்டியது, எங்கே நின்றுபோனது என்பதை அளக்க இதைவிடப் பொருத்தமான அளவுகோல் கிடைப்பது அரிது.

1934 அக்டோபர் 5-ஆம் நாள் சென்னையில் வழக்கறிஞர் குடும்பமொன்றில் பிறந்த ராமசாமி, தாமும் சட்டம் படித்து உயர் நீதிமன்றத்தில் சில ஆண்டுகள் வழக்காடி, பின்னர் டி.டி.கே. நிறுவனங்களின் சட்ட ஆலோசகராகப் பணியாற்றினார். ‘சோ’ என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரன்று. பகீரதன் எழுதிய ‘தேன்மொழியாள்’ நாடகத்தில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயர். வேடத்தின் பெயரே ஆளின் பெயராகி, பிறகு பத்திரிகை ஆசிரியரின் பெயராகவும், மாநிலங்களவை உறுப்பினரின் பெயராகவும் நிலைத்துவிட்டது. எந்த மேடையில் ஏறினாலும் அவர் நாடக மேடையிலிருந்து முழுதாக இறங்கிவிடவில்லை என்பதை இந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

அந்த மேடை எத்தகையது என்பதைச் சற்று விளக்க வேண்டும். சென்னையின் சபா நாடகம் என்பது, ஆண்டுச் சந்தா கட்டிய உறுப்பினர்கள் மாலை ஏழு மணிக்கு வந்து அமர்ந்து, ஒன்பதரைக்கு வீடு திரும்பும் நடுத்தர வகுப்பாரின் பொழுதுபோக்கு. அதில் காட்சி ஜோடனையைவிட வசனமே முக்கியம். சோவின் விவேகா பைன் ஆர்ட்ஸ் குழுவில் நீலு, சுகுமாரி போன்ற தேர்ந்த நடிகர்கள் நெடுங்காலம் அவருக்குப் பக்கபலமாக இருந்தனர். அருப்புக்கோட்டை வட்டாரத்து ஊர்களில் பங்குனிப் பொங்கலையும் முளைப்பாரியையும் ஒட்டி நடக்கும் ஸ்பெஷல் நாடகமோ இதற்கு நேர்மாறானது. அது ஊர் வரி போட்டு நடத்துவது; இரவு பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும்வரை நீள்வது. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் மேடைக்கு வருமுன் முதலில் வந்து நிற்பவர் ‘பபூன்’ எனப்படும் கோமாளி. கதையோடு ஒட்டாமல் அவர் பேசலாம், ஊர்ப் பெரியவரைச் சீண்டலாம், பஞ்சாயத்துப் பணம் போன இடத்தைக் கேட்கலாம், அமைச்சரையும் விட்டுவைக்க வேண்டியதில்லை. சிரிக்கவைக்கிறார் என்பதற்காக அவருக்கு ஊர் அளித்திருக்கும் சலுகை அது. இரண்டு மேடைகளுக்கும் இடையே சாதியாலும் காசாலும் பெருந்தொலைவு உண்டெனினும், சோ தமக்கென வரித்துக்கொண்டது இந்தப் பபூனின் சலுகையைத்தான். மழித்த தலையும் தடித்த கண்ணாடியும் உருளும் விழிகளும் அந்த வேடத்துக்கு வாகாகவே அமைந்துவிட்டன.

தொல்காப்பியம் இதற்கு ஒரு பெயரும் வகுப்பும் தந்திருக்கிறது. வசைபொதிந்த செய்யுளை ‘அங்கதம்’ என்று குறித்து, ஆளைச் சுட்டி வெளிப்படையாகப் பழிப்பதைச் செம்பொருள் அங்கதம் என்றும், சொல்ல வந்ததை மறைத்து வேறொன்றைச் சொல்வதுபோல் பழிப்பதைப் பழிகரப்பு அங்கதம் என்றும் அது பிரிக்கிறது. சோவின் இயல்பு செம்பொருளைச் சார்ந்தது; காலம் நெருக்கியபோது மட்டுமே அவர் பழிகரப்புக்கு மாறினார். ‘சம்பவாமி யுகே யுகே’ நாடகம் காங்கிரஸ் ஆட்சியின் தணிக்கையோடு மோத நேர்ந்ததையும் இங்கே நினைவுகூரலாம். பின்னாளில் திராவிடக் கட்சிகளின் எதிரியாக மட்டுமே அவரை அறிந்தவர்கள், அவர் முதலில் மோதியது காங்கிரஸ் முதலமைச்சர் பக்தவத்சலத்தின் ஆட்சியோடு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

1968-இல் மேடையேறிய ‘முகமது பின் துக்ளக்’ அவருடைய வாழ்க்கையின் திருப்புமுனை. பதினான்காம் நூற்றாண்டின் டெல்லி சுல்தான் துக்ளக்கும் பயணி இப்னு பதூதாவும் கல்லறையிலிருந்து உயிரோடு எழுந்துவந்ததாகக் கூறிக்கொண்டு இருவர் தோன்றுகிறார்கள், மக்கள் நம்புகிறார்கள், துக்ளக் தேர்தலில் வென்று பிரதமராகிறார். மொழிச் சண்டையைத் தீர்க்க அவர் காணும் வழி, யாருக்கும் தெரியாத பாரசீகத்தை எல்லோருக்கும் ஆட்சிமொழியாக்குவது. கட்சி மாறிவரும் உறுப்பினர்களைத் திருப்திப்படுத்தக் காணும் வழி, அத்தனை பேரையும் துணைப் பிரதமர்களாக்குவது. இந்தி எதிர்ப்புப் போர் முடிந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த, வடமாநிலங்களில் கட்சித் தாவல் உச்சத்தில் இருந்த அந்த நேரத்தில் சபாக்கள் குலுங்கியதில் வியப்பில்லை. எனினும் நாடகத்தின் உண்மையான கூர்மை அதன் முடிவில் இருக்கிறது. வேடமிட்ட இருவரும் மக்களுக்கு அறிவு புகட்டவே அந்த நாடகத்தை ஆடியவர்கள். ஆனால் உண்மையை வெளியிட வேண்டிய நாள் வந்தபோது துக்ளக்காக நடித்தவன் பதவியை விட மறுக்கிறான். உண்மையைச் சொல்லத் துணிந்த கூட்டாளியை மக்களே அடித்து வீழ்த்துகிறார்கள். அரசியல்வாதிகளைக் கேலிசெய்யும் நாடகம் என்று பெயர்பெற்ற இப்படைப்பு, இறுதியில் வாக்காளரின் மீதே தன் தீர்ப்பை எழுதிவிட்டுத் திரையை இறக்குகிறது. சாதாரண வாக்காளரின் பகுத்தறிவில் சோவுக்கு நம்பிக்கை குறைவு என்பதற்கு அவருடைய தலையங்கங்களைத் தேடிப் படிக்க வேண்டியதில்லை, இந்த ஒரு காட்சியே போதும்.

போகிறபோக்கில் ஒன்று: மெய்யான இப்னு பதூதா மணந்த பெண்களுள் ஒருத்தி மதுரைச் சுல்தானியத்தை நிறுவிய ஜலாலுதீன் அசன் கானின் மகள், அந்த உறவின் வழியே 1340-களில் அவர் மதுரைக்கும் வந்துபோனார். மயிலாப்பூர் மேடையில் கற்பனையாய் உலவிய அந்தப் பயணி, அருப்புக்கோட்டைக்கு ஒரு நாள் நடைதூரத்தில் மெய்யாகவே தங்கியிருக்கிறார்.

நாடகத்தின் பெயரையே தாங்கி, 1970 பொங்கலன்று, ஆனந்த விகடன் நிறுவனத்தின் ஆதரவில், ‘துக்ளக்’ இதழ் வெளிவந்தது. முதல் இதழின் அட்டையில் இரண்டு கழுதைகள் உரையாடிக்கொண்டிருந்தன. தன் தொழிலையும் தன் வாசகரையும் ஒருசேரக் கிண்டல்செய்து தொடங்கிய தமிழ் இதழ் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. நாளேடுகளின் நடையைப் பகடிசெய்யும் ‘ஒன்றரைப் பக்க நாளேடு’ போன்ற பகுதிகள் இதழுக்கு முகம் தந்தன. சோவின் தொழில்முறை உறவுகளில் அதிகம் பேசப்படாதது எழுத்தாளர் வண்ணநிலவனோடு இருந்த உறவு. ‘கடல்புரத்தில்’ எழுதிய அந்த மென்மையான கதைக்காரர், துக்ளக்கில் ‘துர்வாசர்’ என்னும் புனைபெயரில் திரைப்படங்களையும் இலக்கியத்தையும் காரசாரமாக வெளுத்து வாங்கினார். முனிவரின் பெயர் இதழின் குணத்துக்குப் பொருந்தியது, எழுதியவரின் குணத்துக்குப் பொருந்தியதாகச் சொல்ல முடியாது.

இதழின் உயிர்நாடி கேள்வி–பதில் பகுதி. வாசகர் அஞ்சலட்டையில் ஒரு கேள்வி எழுதி அனுப்புவார். அச்சான பக்கத்தில் கேள்விக்கு அருகே அவருடைய பெயரும் ஊரும் இருக்கும். அடுத்து ஆசிரியரின் விடை, சிலவேளை ஒரே வரியில், சிலவேளை முக்கால் பக்கத்துக்கு. சென்னையில் இருப்பவருக்கு அது வெறும் பக்கம். கிளை நூலகத்திலும் முடிதிருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் பலர் கைமாறிப் படிக்கும் சிற்றூர் வாசகருக்கோ, தன் ஊர்ப்பெயர் அச்சில் வருவதே ஒரு கௌரவம். ஆட்சியாளரைக் கேட்க முடியாத கேள்வியை ஆசிரியரிடம் கேட்டு, ஆட்சியாளரைச் சொல்ல முடியாத சொல்லை ஆசிரியர் வாயால் சொல்லவைக்கும் இந்த ஏற்பாட்டை நாளடைவில் சோ மேடைக்கும் கொண்டுவந்தார். ஆண்டுதோறும் ஜனவரி 14-ஆம் நாள் சென்னையில் நடந்த துக்ளக் ஆண்டு விழா என்பது, வாசகர்கள் எழுந்து கேட்கவும் ஆசிரியர் நின்றபடியே விடையளிக்கவும் ஆன கேள்வி–பதில் பக்கத்தின் நேரடி வடிவமாகவே இருந்தது.

இதழ் தொடங்கி ஓராண்டு நிறைந்த வேளையில் அதன் முதல் பெருஞ்சோதனை வந்தது. 1971 ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தில், எதிர்ப்பாளர் தரப்பிலிருந்து பெரியாரை நோக்கிச் செருப்பு வீசப்பட்டதாகவும், அதைத் தொடர்ந்து ராமர் படத்தைத் தொண்டர்கள் செருப்பால் அடித்ததாகவும் ஒரு தரப்பு கூறும். ஊர்வலமே தெய்வங்களை இழிவுசெய்வதற்காக நடத்தப்பட்டது என்று மறுதரப்பு கூறும். துக்ளக் அந்தச் செய்தியைப் படங்களுடன் வெளியிட்டது. கருணாநிதியின் திமுக அரசு இதழ்களைப் பறிமுதல் செய்தது. பறிமுதலாலேயே இதழுக்குக் கிராக்கி கூடியது. ஏறத்தாழ ஐம்பதாண்டு கழித்து 2020 ஜனவரியில் நடந்த துக்ளக் பொன்விழாவில் ரஜினிகாந்த் இந்நிகழ்ச்சியைப் பற்றிப் பேசி, அதன் விவரங்கள் குறித்துப் புதிய சர்ச்சை எழுந்ததும் பலர் அறிந்ததே.

சர்ச்சைக்காரர்கள் இருதரப்பிலும் கவனிக்கத் தவறுவது, அந்த ஜனவரிக்குப் பின் வந்த மார்ச் மாதத்தை. ராஜாஜியும் காமராசரும் பழம்பகை மறந்து ஒரே அணியில் நின்ற 1971 தேர்தலில், சேலத்து ஊர்வலம் ஊரெங்கும் பிரசாரமாக ஒலித்த நிலையில், திராவிட முன்னேற்றக் கழகம் 234 இடங்களில் 184-ஐ வென்றது. அதற்கு முன்னும் பின்னும் அக்கட்சி தனித்து அவ்வளவு இடங்களைப் பிடித்ததில்லை. ராமர் படத்துக்கு நேர்ந்ததைக் கேட்டு மனம் வருந்திய பக்தரும் அந்த வாக்காளர்களுள் ஏராளமாக இருந்திருப்பார்கள். ஆயினும் பக்தியைக் கோயிலிலும் வாக்கைச் சாவடியிலும் தனித்தனியே செலுத்தத் தெரிந்தவர்கள் அவர்கள். ரமணர் பிறந்த திருச்சுழியில் திருமேனிநாதரைக் கும்பிட்டுவிட்டு வந்து திமுகவின் உதயசூரியனில் முத்திரை குத்தியவருக்கு அவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவதாகத் தோன்றியதில்லை. துக்ளக் அதை முரண்பாடாகக் கண்டது. விளக்க முடியாதபோது வாக்காளரின் அறியாமை என்று முடிவுகட்டியது.

காமராசர் மீது சோ வைத்திருந்த மதிப்பு இந்த இடத்தில் தனியே ஆராயத்தக்கது. விருதுநகரின் நாடார் குடும்பத்தில் பிறந்து, ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ராஜாஜியின் குலக்கல்வித் திட்டத்தை 1954-இல் கைவிட்டு, பள்ளிகளைத் திறந்து, மதிய உணவு தந்து, ஆவடி முதல் புவனேசுவரம்வரை சோஷலிசத் தீர்மானங்களுக்குத் துணைநின்ற ஒருவர், மயிலாப்பூர்ப் பழமைவாதி ஒருவருக்கு எவ்வாறு ஆதர்ச நாயகரானார்? அவரைப் ‘பச்சைத் தமிழர்’ என்று கொண்டாடிய பெரியார், பள்ளிக்கூடங்களையும் பிற்படுத்தப்பட்டோரின் உயர்வையும் கண்டு கொண்டாடினார். சோ கொண்டாடியது அவருடைய எளிமையை, கைசுத்தத்தை, சுருக்கமான பேச்சை, தேசத்தை முதலில் வைத்த மனநிலையை. ஒரே மனிதரின் வலக்கையை ஒருவரும் இடக்கையை மற்றொருவரும் பற்றிக்கொண்டது போன்றது இது. காமராசரின் கொள்கையை ஒதுக்கிவைத்து அவருடைய குணத்தை மட்டும் எடுத்துக்கொண்ட இந்தத் தேர்வில்தான் சோவின் அரசியல் முழுவதும் அடங்கியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்: ஆட்சியை அவர் ஆளின் ஒழுக்கமாகப் பார்த்தார், அதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்பது அவருக்கு இரண்டாவது கேள்வி. விருதுநகர்க்காரர்களோ 1967-இல் அந்தக் காமராசரையே 1,285 வாக்கு வித்தியாசத்தில் மாணவர் தலைவர் பெ.சீனிவாசனிடம் தோற்கடித்துவிட்டு, பிறகு வாழ்நாள் முழுவதும் அவரைத் தெய்வமாகப் பேசினார்கள்.

நெருக்கடி நிலையின்போது சோவின் தொழில் தன் உச்சத்தைத் தொட்டது. 1975 ஜூன் 25 இரவு அறிவிக்கப்பட்ட அந்த நிலை, கருத்துரிமையை நிறுத்திவைத்து, அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு வரியையும் தணிக்கையாளரிடம் காட்டவேண்டும் என்று பத்திரிகைகளைப் பணித்தது. துக்ளக் கறுப்பு அட்டையோடு வெளிவந்தது. ஒரு சொல்லும் இல்லாத கறுப்பில் தணிக்கையாளர் எதை வெட்டுவார்? பழிகரப்பு அங்கதத்தின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிக்காட்டியதில்லை. பல பெரிய நாளேடுகள் குனிந்து போன அந்நாளில் இந்தச் சிறிய இதழ் நிமிர்ந்து நின்றது என்பதை அவருடைய கடுமையான எதிரிகளும் மறுப்பதில்லை. அதற்குமுன் ஐந்தாண்டுகளாகச் சோ வறுத்தெடுத்த கருணாநிதியும் அதே நெருக்கடி நிலையை எதிர்த்து, 1976 ஜனவரி 31-இல் ஆட்சியை இழந்தார். இருவரையும் ஒரே பக்கத்தில் நிறுத்திய பெருமை இந்திரா காந்தியைச் சாரும். ஜெயப்பிரகாஷ் நாராயணையும் மொரார்ஜி தேசாயையும் போற்றிய சோ, 1977-இல் ஜனதா கட்சியின் பக்கம் நின்றார்.

வடக்கே ஜனதா அலை வீசியது. தமிழ்நாட்டில் இந்திரா காங்கிரசோடு கைகோத்த அண்ணா திமுகவின் அணியே மக்களவைத் தேர்தலில் பெரும்பாலான இடங்களை அள்ளியது. அடுத்து வந்த சட்டமன்றத் தேர்தலில் எம்.ஜி.ஆர் தமக்கெனத் தேர்ந்த தொகுதி அருப்புக்கோட்டை. அங்கிருந்து வென்றுதான் அவர் 1977 ஜூன் 30-இல் முதலமைச்சராகப் பதவியேற்றார். கரிசல்காட்டு வாக்காளருக்கு நெருக்கடி நிலை பற்றிய தலையங்கங்களைவிடத் திரையில் கண்ட உழவனும் மீனவனும் நெருக்கமானவர்களாக இருந்தார்கள் என்று சொல்லி இதை எளிதில் முடித்துவிடலாம். ஆனால் தணிக்கையால் பாதிக்கப்படும் அளவுக்குப் பத்திரிகை படிப்பவர்கள் அப்போது இங்கே எத்தனை பேர் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

எம்.ஜி.ஆரோடு சோவின் உறவு படப்பிடிப்புத் தளத்தில் விளைந்தது. ‘அடிமைப் பெண்’, ‘என் அண்ணன்’, ‘மாட்டுக்கார வேலன்’ போன்ற படங்களில் உடன் நடித்தவர், அவருடைய ஆட்சியைத் தம் இதழில் கண்டிக்கத் தயங்கவில்லை. சிவாஜியோடு ‘தங்கப்பதக்கம்’, ரஜினிகாந்தோடு ‘குரு சிஷ்யன்’ என்று இரண்டு தலைமுறை நாயகர்களோடும் அவர் திரையைப் பகிர்ந்தவர். சினிமாவும் அரசியலும் ஒரே வீட்டின் இரண்டு அறைகளாக இருக்கும் மாநிலத்தில், இரண்டு அறைகளுக்கும் சாவி வைத்திருந்த பத்திரிகையாளர் அவர் ஒருவரே. ஜெயலலிதாவை அவர் மேடை நாட்களிலிருந்தே அறிவார். தாம் இயக்கிய ‘யாருக்கும் வெட்கமில்லை’ படத்தில் 1975-இல் அவரை நடிக்கவைத்தார். பின்னர் துக்ளக்கில் எழுதவும் இடம் தந்தார்.

உலகின் பிற இடங்களிலும் இத்தகையோர் உண்டு. அமெரிக்காவில் 1955-இல் ‘நேஷனல் ரெவ்யூ’ இதழைத் தொடங்கிய வில்லியம் பக்லி, அந்நாட்டுப் பழமைவாதத்துக்கு மொழியும் நகைச்சுவையும் தந்து, 1966 முதல் முப்பத்துமூன்று ஆண்டுகள் ‘ஃபயரிங் லைன்’ தொலைக்காட்சி விவாதத்தை நடத்தி, ரீகனின் நண்பராக இருந்துகொண்டே, இடதுசாரிச் சார்புள்ள பொருளியலாளர் கால்பிரெய்த்தோடும் இணைபிரியாத தோழமை கொண்டிருந்தார். எதிராளியோடு உணவருந்திவிட்டு மறுநாள் அவரைத் தாக்கி எழுதும் கலையில் பக்லியும் சோவும் ஒரே பள்ளி. ஆனால் பக்லிக்குப் பின்னால் வளர்ந்துகொண்டிருந்த ஓர் இயக்கமும் கட்சியும் இருந்தன. சோவுக்குத் தமிழ்நாட்டில் அப்படி ஒன்று கிடைக்கவில்லை; ராஜாஜியின் சுதந்திராக் கட்சி கரைந்தது, பழைய காங்கிரஸ் கரைந்தது, ஜனதா கரைந்தது, பாரதிய ஜனதா வேர்பிடிக்கவில்லை. கட்சி இல்லாத பழமைவாதிக்கு மனிதர்களே கட்சி. ஆகவே அவருடைய உறவுகளை நட்பு என்று மட்டும் படிப்பது போதாது. அவருடைய அரசியலுக்கு இருந்த ஒரே கருவியும் அவைதாம்.

டெல்லியில் அந்தக் கருவி நன்றாகவே வேலைசெய்தது. வாஜ்பாய் ஆட்சியில் 1999-இல் அவர் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகி 2005 வரை இருந்தார். அவர் நியமிக்கப்பட்டபோது மத்தியில் பாரதிய ஜனதாவின் கூட்டாளியாக இருந்தது திமுக என்பது அவருடைய நாடகங்களில் வரக்கூடிய காட்சிதான். 2008 ஜனவரியில் துக்ளக் விழாவுக்கு வந்த குஜராத் முதலமைச்சர் நரேந்திர மோதி, அப்பயணத்திலேயே போயஸ் தோட்டத்தில் ஜெயலலிதாவின் இல்லத்தில் விருந்துண்டார். 2015 ஆகஸ்டில் பிரதமராகச் சென்னை வந்தபோது, உடல்நலம் குன்றியிருந்த சோவை அவர் வீட்டுக்கே சென்று பார்த்தார். விடுதலைப் புலிகளைத் தொடக்கம் முதலே எதிர்த்த சோவின் நிலைப்பாடு, ராஜீவ் காந்தி படுகொலைக்குப்பின் அவருடைய வாசகர்களுக்குத் தீர்க்கதரிசனமாகவும், ஈழ ஆதரவாளர்களுக்கு என்றும் மன்னிக்க முடியாததாகவும் ஆனது. மகாபாரதத்தையும் ராமாயணத்தையும் விரிவாக எழுதியதும், ‘எங்கே பிராமணன்’ தொலைக்காட்சித் தொடராக வந்ததும், அரசியலுக்கு அப்பால் அவருக்கு வேறொரு வாசகர் திரளைத் தந்தன. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5-இல் இறந்தார். அவர் இறந்த அதே மருத்துவமனையில் டிசம்பர் 7-இல் சோ இறந்தார். மறு ஆண்டு பத்மபூஷண் அளிக்கப்பட்டது. இதழின் ஆசிரியப் பொறுப்பை எஸ்.குருமூர்த்தி ஏற்றார், அங்கதம் மெலிந்து வாதம் தடித்தது என்பதே பழைய வாசகர் பலரும் உணரக்கூடிய மாற்றம்.

வாக்காளரை வசப்படுத்த முடியாத விமர்சகர் தலைவர்களை வசப்படுத்தி என்ன சாதித்தார் என்பதற்கு 1996 தக்க சான்று. ஜெயலலிதாவின் முதல் ஆட்சிமீது ஊழல் குற்றச்சாட்டுகள் குவிந்திருந்த நிலையில், அவரோடு கூட்டணி வைக்கக் காங்கிரஸ் தலைமை முடிவுசெய்தபோது, ஜி.கே.மூப்பனார் வெளியேறித் தமிழ் மாநில காங்கிரசைத் தொடங்கினார். மூப்பனாரையும் கருணாநிதியையும் ஓரணியில் சேர்த்ததிலும், ரஜினிகாந்தின் ஆதரவை அந்த அணிக்குப் பெற்றதிலும் சோவுக்குப் பெரும்பங்கு உண்டு. கருணாநிதியை எதிர்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவர், கருணாநிதியின் நான்காவது ஆட்சிக்குப் பாதைபோட்டார். திமுக 173 இடங்களையும் தமாகா 39 இடங்களையும் வென்றன. அண்ணா திமுகவுக்கு மிஞ்சியவை 4. பிறகு காலம் மாறியது. ஊழலுக்காகத் தாம் வீழ்த்த முனைந்த அதே ஜெயலலிதாவுக்கு, திமுக வரக்கூடாது என்ற காரணத்தைச் சொல்லி, அவரே நெருங்கிய ஆலோசகரானார். இரண்டு தீமைகளில் சிறியதைத் தேர்வதாக அவர் தரப்பு வாதித்தது. ஆளின் ஒழுக்கத்தையே ஆட்சியின் அளவுகோலாக நாற்பதாண்டுகள் வலியுறுத்திய ஒருவருக்கு அந்த வாதம் அவ்வளவு எளிதாகப் பொருந்துவதில்லை.

2011-இல் அண்ணா திமுகவும் விஜயகாந்தின் தேமுதிகவும் கைகோக்க வேண்டுமென்று அவர் முயன்றார், கூட்டணி அமைந்தது, 234 இடங்களில் 203 அந்த அணியின் பக்கம் விழுந்தன. தேமுதிக 29 இடங்களோடு எதிர்க்கட்சியானது, திமுக 23 இடங்களோடு மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டது. சோ பங்கேற்ற கூட்டணிக் கணக்குகளில் அவருக்கு மிக விருப்பமான விடை இதுவாகத்தான் இருந்திருக்கும். தொகுதி மறுவரையறையில் புதிதாகப் பிறந்து அந்த ஆண்டு முதன்முதலாக வாக்களித்த திருச்சுழியில், மல்லாங்கிணற்றுத் தங்கம் தென்னரசு உதயசூரியன் சின்னத்தில் வென்றார். மாநிலம் முழுவதும் திமுகவுக்கு மிஞ்சிய அந்த 23-இல் திருச்சுழியும் ஒன்று.